சாக் ஹாப் நடனத்துக்கு 1950களின் உடை: வீட்டிலேயே தயார் செய்வது எப்படி

அமெரிக்காவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் பிள்ளையின் பள்ளிப் பைக்குள்ளிருந்து ஒரு தாள் வரும். வெள்ளிக்கிழமை மாலை ஜிம்மில் சாக் ஹாப், 1950கள் உடையில் வரவும் என்று போட்டிருக்கும். நமக்கு ஐம்பதுகள் என்றால் பாட்டி தாத்தாவின் கல்யாண ஃபோட்டோதான் ஞாபகத்துக்கு வரும். பிள்ளையைக் கேட்டால், "எல்லாரும் போடுவாங்கம்மா, நாய் படம் போட்ட ஸ்கர்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

முதல் வருடம் நான் அவசரத்தில் கடையில் பாக்கெட்டில் அடைத்து விற்கும் காஸ்ட்யூம் ஒன்றை வாங்கினேன். மெல்லிய பாலியஸ்டர். பாவாடை விரியவே இல்லை, காலோடு ஒட்டிக்கொண்டது. பசை வைத்து ஒட்டிய நாய் இரண்டாவது பாட்டிலேயே உரிந்துவிட்டது. மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே காரில் ஏறினாள். அடுத்த வருடத்திலிருந்து நானே தைக்க ஆரம்பித்தேன். பிறகு மகனுக்கும் முறை வந்தது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு வாரமும் ஒரு தையல் ஊசியும் இருந்தால் போதும். மெஷின் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில், இது என்ன நடனம்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 1940களிலும் 50களிலும் மாணவர்களுக்கான நடனங்கள் பெரும்பாலும் பள்ளி ஜிம்மில்தான் நடக்கும். அந்த மரத்தரை வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் கூடைப்பந்துத் தரை. தோல் ஷூவோடு ஆடினால் கீறல் விழும். அதனால் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு சாக்ஸோடு ஆடச் சொன்னார்கள். அதுதான் சாக் ஹாப். கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில்தான் டீன் ஏஜ் பிள்ளைகளைத் தனிக் கூட்டமாகக் கடைக்காரர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கென்றே 'செவன்டீன்' பத்திரிகை 1944இல் வந்தது. பில் ஹேலி என்ற பாடகரின் ராக் அண்ட் ரோல் பாட்டு 1955இல் நாடெங்கும் ஒலித்தது. 1957 ஆகஸ்டில் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற டிவி நிகழ்ச்சி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நாடு முழுக்க ஒளிபரப்பானது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கேமரா முன்னால் ஆடுவார்கள்; வீட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆட்டத்தையும் உடையையும் பழகிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைக்குப் போனால் 'ரெட்ரோ' என்ற ஒரே அலமாரியில் ஐம்பதுகளும் அறுபதுகளும் எழுபதுகளும் கலந்து கிடக்கும். குட்டைப் பாவாடையும் முழங்கால்வரை வரும் வெள்ளை பூட்ஸும் அறுபதுகள். அகலக் கால் பேண்ட்டும் டிஸ்கோ பளபளப்பும் எழுபதுகள். நமக்கு வேண்டியது இடுப்பில் கச்சிதமாக நின்று கீழே குடைபோல விரியும் பாவாடை, மடித்துவிட்ட வெள்ளை சாக்ஸ், படியச் சீவிய முடி. பணத்தையும் நேரத்தையும் இந்த மூன்றில் போடுங்கள். மற்றதெல்லாம் அலமாரியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம்.

பாவாடை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. பாவாடையின் நீளத்துக்கும் சுற்றளவுக்கும்கூட அரசு எல்லை வைத்தது. நைலான் பாராசூட்டுக்குப் போனது. போர் முடிந்து, 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்ற உடை வடிவமைப்பாளர் கஜக்கணக்கில் துணி பிடிக்கும் அகலப் பாவாடைகளைக் காட்டினார். ஏங்கிக் கிடந்தவர்கள் விடுவார்களா?

அதே 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூலி லின் ஷார்லட் என்ற பாடகிக்கு ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போட நல்ல உடை இல்லை. கையில் காசும் இல்லை, தையலும் சரியாக வராது. ஃபெல்ட் துணியை (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் கெட்டித் துணி) எடுத்து வட்டமாக வெட்டி, நடுவில் இடுப்புக்கு ஓட்டை போட்டு, மேலே கிறிஸ்துமஸ் உருவங்களை ஒட்டிப் போட்டுக்கொண்டு போனார். ஃபெல்ட் அகலமான துணி, ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஓரம் பிரியாது, மடித்து அடிக்கவும் வேண்டாம். அடுத்து டாக்‌ஷுண்ட் நாய்களை வைத்தார், அதற்குப் பிறகுதான் சுருட்டை முடி பூடில் நாய் வந்தது. பூடில் ஸ்கர்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆக, தைக்கத் தெரியாதவர் கண்டுபிடித்த பாவாடை இது. நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

தையல் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: முழு அம்பர்லா கட். தெரியாதவர்களுக்குக் கணக்கோடு சொல்கிறேன். என் மகளின் அப்போதைய அளவு இடுப்பு 24 அங்குலம், இடுப்பிலிருந்து பாதிக் கெண்டைக்கால்வரை 24 அங்குலம்.

72 அங்குல அகல ஃபெல்ட் 1¾ கஜம் வாங்குங்கள். இளஞ்சிவப்பு, வான நீலம், கறுப்பு மூன்றும் பொருத்தமான நிறங்கள். கைக்கு அட்டைபோல விறைப்பாக இருப்பதை எடுக்காதீர்கள். கடையிலேயே ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், மடிப்பு மடிப்பாக விழ வேண்டும். கைவினைக்கென்று துண்டு துண்டாக விற்கும் ஃபெல்ட் இதற்கு ஆகாது.

துணியை நாலாக மடியுங்கள். மடிப்பெல்லாம் சேரும் மூலைதான் வட்டத்தின் மையம். இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 24க்கு ஏறத்தாழ 3.8 அங்குலம் வரும். நான் 3½தான் குறிப்பேன். ஃபெல்ட் கொஞ்சம் இழுபடும். போதவில்லை என்றால் இன்னும் வெட்டலாம், வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. சாக்பீஸில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை மூலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கோலத்துக்கு வளைவு போடுவது மாதிரி இழுத்தால் கால்வட்டம் விழும். அதற்கு வெளியே பாவாடை நீளம் 24ஐக் கூட்டி, மூலையிலிருந்து 27½ அங்குலத்தில் இன்னொரு வளைவு. இரண்டு கோட்டிலும் வெட்டினால் பாவாடை தயார். மிஞ்சும் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இடுப்புப் பட்டி, நாய், பையனின் சட்டை எழுத்து எல்லாம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

போட்டுக் கழற்ற, பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழே 7 அங்குலம் கீறிவிட்டு, பட்டி வைத்து ஒரு கொக்கி தைக்கலாம். தைக்க நேரமில்லையா? கீறலை உள்பக்கமாக இரண்டு ஊக்கு குத்தி மூடி, மேலே அகலமான கறுப்பு எலாஸ்டிக் பெல்ட் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்திலும் இடுப்பை இறுக்கிக் காட்டும் இந்த பெல்ட் பிரபலம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது நாய். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பாவாடையை மேஜையில் வட்டமாக விரித்துப் போட்டு, கண்ணுக்கு நேராகத் தெரிந்த இடத்தில் நாயை அழகாகத் தைத்துவிட்டேன். மகள் போட்டுக்கொண்டு நின்றதும் பார்த்தால் நாய் மல்லாந்து படுத்திருக்கிறது. வட்டத் துணியில் எது மேல், எது கீழ் என்று தரையில் தெரியாது. பிள்ளைக்குப் பாவாடையைப் போட்டுவிட்டு, நிற்கவைத்து, முன்புறம் வலது பக்கமாக, ஓரத்திலிருந்து நான்கைந்து அங்குலம் மேலே நாயைக் குண்டூசியால் குத்திப் பாருங்கள். நேராக நின்றால் கழற்றித் தையுங்கள். நாயின் கழுத்திலிருந்து இடுப்புவரை நெளிநெளியாக ஒரு சமிக்கி லேஸை ஓட்டினால் அதுதான் சங்கிலி. பசை மட்டும் வேண்டாம், சுற்றிலும் நான்கு தையலாவது போடுங்கள்.

பூடில்தான் வேண்டும் என்றும் இல்லை. இசைத்தட்டு, டெலிஃபோன், கார், பூனை என்று பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்ட காலம் அது. போன வருடம் ஒரு சிறுமி ஆட்டோ ரிக்‌ஷா வைத்து வந்தாள். அது ஐம்பதுகளா என்று என்னைக் கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாரும் பார்த்தது அந்தப் பாவாடையைத்தான்.

உள்ளே என்ன போடுவது

பாவாடை விரிந்து நிற்பது உள்ளே இருப்பதால்தான். பாக்கெட் காஸ்ட்யூமில் இல்லாமல் போவதும் அதுதான். அன்றைய பெண்கள் நைலான் நெட் பெட்டிகோட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவார்கள். அவை விறைப்பாக நிற்கச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். வேர்வை பட்டால் பிசுபிசுக்கும், எறும்பும் மோப்பம் பிடித்து வரும். நம் வீட்டில் அதைவிட நல்ல வழி உண்டு.

பழைய லெஹங்காவோ ரிசப்ஷன் கவுனோ இருந்தால் உள்ளே விரிந்து நிற்கவைக்கும் விறைப்பான நெட், அதாவது கேன் கேன் இருக்கும். அதைப் பிரித்து எடுத்து, பாவாடையைவிட இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டி, எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். கேன் கேன் இல்லாவிட்டால் புடவைக்குக் கட்டும் காட்டன் உள்பாவாடை இரண்டை எடுத்து, கெட்டியாக ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். நல்ல மொடமொடப்பு வரும். பிள்ளையின் உயரத்துக்கு மேலே மடித்து நாடா கட்டிக்கொள்ளலாம்.

நெட் தொடையில் உரசினால் அரிக்கும். பத்து நிமிடத்தில் பிள்ளை சொறிய ஆரம்பித்துவிடும். அதற்கும் உள்ளே மெல்லிய காட்டன் உள்பாவாடை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் சைக்கிளிங் ஷார்ட்ஸ். இதை விட்டுவிடாதீர்கள். முழுவட்டப் பாவாடை சுற்றும்போது இடுப்பு உயரத்துக்கு எழும்பும்.

மேலே

வெள்ளை அரைக்கைச் சட்டை, சின்ன வட்டக் காலர். ஊரிலிருந்து கொண்டுவந்த பள்ளி யூனிஃபார்ம் சட்டை பெட்டியில் கிடந்தால் அதையே போடலாம், கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே சொருகிவிட வேண்டும், வெளியே விட்டால் இடுப்பு காணாமல் போய்விடும். குளிர் என்றால் மேலே ஒரு சாதாரண கார்டிகன். அதைத் திருப்பிப் போட்டு முதுகில் பொத்தான் மாட்டிக்கொள்வது அன்றைக்குப் பெண்களிடையே ஒரு ஃபேஷன். மகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கழற்ற மட்டும் தோழி ஒருத்தியின் உதவி வேண்டும்.

கழுத்தில் ஒரு ஷிஃபான் ஸ்கார்ஃப். பழைய துப்பட்டாவில் 24 அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை மடித்து, சுருட்டி, முடிச்சைப் பக்கவாட்டில் வைத்துக் கட்டுங்கள்.

பாவாடையே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பெண்பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜீன்ஸைக் கெண்டைக்கால்வரை சுருட்டிவிட்டு, அப்பாவின் பெரிய வெள்ளைச் சட்டையை வெளியே விட்டுப் போட்டுக்கொள்வது அன்றைய பெண்களின் வார இறுதி உடை. செலவே இல்லை.

பையன்களுக்கு

பையன்களைக் கேட்டால் எல்லாருக்கும் கறுப்புத் தோல் ஜாக்கெட்தான் வேண்டும். மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் விட்டுப்போன வேலை. ஆனால் உண்மையான பள்ளி நடனத்தில் அப்படி வந்தவர்கள் குறைவு. பல பள்ளிகள் ஜீன்ஸையே உள்ளே விடவில்லை. பேண்ட்ஸ்டாண்டில் பையன்கள் டையும் கோட்டும், அல்லது டையும் ஸ்வெட்டரும் போட்டால்தான் ஆட முடியும்.

என் ஓட்டு ஸ்வெட்டருக்குத்தான். காக்கி அல்லது சாம்பல் பேண்ட், வெள்ளைச் சட்டை, மெல்லிய டை, மேலே வி கழுத்து ஸ்வெட்டரோ கார்டிகனோ. அதன் இடது மார்பில் பள்ளிப் பெயரின் முதல் எழுத்து. விளையாட்டு வீரர்கள் எழுத்தை அணிவது 1865இல் ஹார்வர்ட் பேஸ்பால் அணியில் தொடங்கிய பழக்கம். பாவாடையில் மிஞ்சிய ஃபெல்ட்டில் 6 அங்குல உயரத்துக்குக் கட்டை எழுத்து ஒன்று வெட்டி, அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெள்ளை ஃபெல்ட்டில் இன்னொன்று வெட்டி அடியில் வைத்துத் தைத்தால், கடையில் வாங்கியது மாதிரி இருக்கும்.

ஜீன்ஸ்தான் என்று பிடிவாதம் பிடித்தால் கருநீலத்தில், நேரான காலோடு, கிழிசல் இல்லாதது. கீழே இரண்டு அங்குலம் மடித்துவிடுங்கள். வெள்ளை டி-ஷர்ட்டின் கையை இரண்டு சுருட்டு. அந்தச் சுருட்டலில் சிகரெட் பெட்டி வைப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு மகன் காலிப் பெட்டி கேட்டான். வேண்டாம், வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்கு ஃபோன் செய்வார்கள். தோல் ஜாக்கெட்டும் ஜிம் சூட்டில் அரைமணி நேரம் தாங்காது. ஃபோட்டோ எடுத்ததும் நாற்காலியில் கிடக்கும்.

கால்

ஷூவைக் கழற்றியதும் எல்லார் கண்ணும் சாக்ஸில்தான். புதிதாக, கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருக்கட்டும், பெண்களுக்குக் கணுக்காலில் ஒரு மடிப்பு. கம்பெனி அடையாளம் போட்ட விளையாட்டு சாக்ஸ் வேண்டாம். வார்னிஷ் தரையில் வெறும் சாக்ஸ் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் கிடைக்கிறது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே வாங்குங்கள். இப்போது சில பள்ளிகளில் ஷூவைக் கழற்றச் சொல்வதில்லை, தாளை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூவில் அன்றைய அடையாளம் சாடில் ஷூ. வெள்ளை ஷூவின் நடுவில் குதிரைச் சேணம் மாதிரி கறுப்புப் பட்டை. ஸ்பால்டிங் கம்பெனி 1906இல் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது, பள்ளிப் பெண்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். புதிதாக வாங்கினால் விலை அதிகம், ஒரு நாளைக்கு மேல் பிள்ளை போடாது. வெள்ளை கேன்வாஸ் பி.டி. ஷூவில், லேஸ் கட்டும் பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் அடிவரை கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். நாலடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. மறுநாள் உரித்துவிடலாம். பையன்களுக்கு லேஸ் இல்லாத பழுப்பு லோஃபர், மேல்பட்டையின் கீறலில் ஒரு சென்ட் காசைச் சொருகினால் பென்னி லோஃபர்.

முடி

நம் பெண்களுக்கு இங்கேதான் அதிர்ஷ்டம். அடர்ந்த நீள முடியை உச்சியில் தூக்கி இறுக்கமாகக் குதிரைவால் போட்டு, ஸ்கார்ஃபின் மிச்சத் துண்டை ரிப்பனாகக் கட்டினால் முடிந்தது. அன்று மட்டும் எண்ணெய் வேண்டாம், வால் துள்ளாது.

பையன்களுக்கு முன்முடியைத் தூக்கி, பக்கங்களைப் பின்னால் சீவி, பின்தலையில் இரண்டும் நடுக்கோட்டில் சேர வேண்டும். வாத்து வால் என்று பெயர். நம் ஊர் அப்பாக்கள் தடவிய அதே பிரில்கிரீம் இங்கேயும் கிடைக்கும். ஈர முடியில் கடலை அளவு எடுத்துத் தேய்த்து, பல் நெருக்கமான சீப்பால் சீவுங்கள். அள்ளிப் பூசினால் இரண்டு நாளைக்குத் தலையணை உறை பாழ்.

பொன்னிற விக் மட்டும் வாங்காதீர்கள். முதல் வருடம் மகள் கேட்டாள், "அப்போ நம்ம மாதிரிப் பிள்ளைங்க இந்த ஸ்கூல்ல இருந்தாங்களா?" என்று. நியாயமான கேள்வி. 1946இலிருந்து 1965வரை இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்பதுதான் குடியேற்ற ஒதுக்கீடு. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954இல்தான். கறுப்பினப் பிள்ளைகளும் அவரவர் பள்ளி ஜிம்மில் வட்டப் பாவாடையும் சாடில் ஷூவுமாகத்தான் ஆடினார்கள். இதை அவளிடம் அப்படியே சொன்னேன். விக்கைப் பற்றி அப்புறம் அவள் கேட்கவில்லை.

முந்தின நாளும் அன்றைக்கும்

முந்தின இரவு முழு உடையையும் போட்டுவிட்டு வரவேற்பறையில் இரண்டு பாட்டுக்கு ஆடச் சொல்லுங்கள். எது அவிழ்கிறது, எது குத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கேன் கேன் பாவாடைக்குக் கீழே எட்டிப் பார்த்தால் இடுப்பில் ஒரு சுற்று மடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பாவாடையோடு காரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், நசுங்கினால் ஒரு பக்கம் மட்டும் படிந்து நிற்கும். பையில் நான்கு ஊக்கு, ஒரு சீப்பு, இன்னொரு ஜோடி சாக்ஸ்.

ஷூவுக்குள் பெயரை எழுத மறக்காதீர்கள். ஜிம் வாசலில் நூறு ஜோடி ஒரே மாதிரிக் கிடக்கும். மகன் ஒரு முறை இரண்டும் இடதுகால் ஷூவாகப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினான். திங்கட்கிழமை இன்னொரு பையன் இரண்டு வலதுகால் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தான்.